இருபது மீட்டரில் ஒரு வாத்து

மேடம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஸ்டெப்னி, நாற்காலியைத் துடை. ஒரு பொண்ணு மேல வருது. அவளுக்குக் கல்யாணம் நிக்கிற மாதிரி இருக்கு."

ஸ்டெப்னி என்பது நான்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆபீசில் யாராவது வராத நாளில் அவர்கள் வேலையை நான் பார்ப்பேன் என்று சேர்ந்த அன்றே இந்தப் பெயரை மேடம் வைத்தார். ஆபீசில் இருப்பது மேடமும் நானும் மட்டும்தான் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

"ஜோசியம் எப்பத்திலிருந்து மேடம்?"

"கையில கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கீழ இருக்கிற டீக்கடைக்காரருக்குக் கொடுக்க ஒண்ணை எடுத்தா. அவர் பார்க்கிறதுக்குள்ள திரும்பப் பையில போட்டுட்டா. பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கிறவங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

துப்பறிய வருவதற்கு முன் மேடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இருக்கிறவன் பையைத் துழாவுவான், இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே மாடு பார்ப்பான் என்பார். அந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டே எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தைரியமான முகம், தூங்காத கண்கள். காது கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்தும் கிளினிக்கில் வேலை என்றாள். நான் சற்று உரக்கப் பேசினேன்.

"எனக்குக் காது நல்லா கேட்கும் சார்," என்றாள்.

உட்கார்ந்து, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எங்க அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். பக்கத்து வீட்டு மாமா லிஃப்ட் மெக்கானிக். அவர் பையனைத்தான் நான் கட்டிக்கப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். ரெண்டு அப்பாக்களும் ஹாம் ரேடியோ வெச்சிருக்காங்க."

"ஹாம்னா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒயர்லெஸ் செட் வெச்சு, உலகத்துல எங்க வேணும்னாலும் இருக்கிற ஆளோட பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

"'நான் பேசுறது கேட்குதா?'ன்னு கேட்பாங்க. அந்தப் பக்கம் 'கேட்குது'ன்னு சொல்வாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

போனிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

பெண் தொடர்ந்தாள். இப்படி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பது பெரிய தொல்லையாம். ஒருவர் பேசினால் அடுத்தவர் செட்டுக்குக் காது அடைத்துவிடும். அதனால் இவர்கள் ஆரம்பத்திலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒரே ரோட்டில் இரண்டு லேன் மாதிரி, கண்ணாடிக்காரருக்கு இருபது மீட்டர் அலைவரிசை, மெக்கானிக்குக்கு நாற்பது மீட்டர். ஒருவர் லேனுக்குள் இன்னொருவர் வரக் கூடாது. ஏரியல் கம்பியைக்கூட ஒருவர் வீட்டின் நீளவாக்கிலும் மற்றவர் குறுக்குவாக்கிலும் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஃபில்டர் அது இது என்று என்னென்னவோ. அதையும் மீறித் தொல்லை வந்தால், சின்ன வயதில் இவளைத்தான் தூது அனுப்புவார்களாம்.

"'அப்பா பேசப் போறார், உங்கப்பாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு'ன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லணும். அவனும் அப்படித்தான் இங்க வருவான். வந்து வந்து பழகிடுச்சு," என்றாள். முதல்முறையாக முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இப்ப என்ன தகராறு?" என்றார் மேடம்.

"அப்பா லேன்ல யாரோ வந்து கலாட்டா பண்றாங்க. வாத்து கத்துற மாதிரி ஒரு குரல். அது மாமாதான், வேணும்னே குரலை மாத்திக்கிட்டு கேலி பண்றார்னு அப்பா சொல்றார். சும்மா சொல்லல, 'லேன் திருடன்'னு ரேடியோவுலயே சொல்லிட்டார். நாலு நாட்டுக்காரங்க கேட்டிருக்காங்க. 'என் லேனை விட்டு நான் இம்மிகூட நகரல. என்னைத் திருடன்னு சொன்னவர் வீட்டுல எனக்குச் சம்பந்தமே வேண்டாம்'னு மாமா சொல்லிட்டார். 'அந்த ஆள் வந்தா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்'னு அப்பா சொல்றார். ரெண்டு பேருமே சொன்னா சொன்னதுதான்."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"எனக்கு எதுவும் தெரியாது மேடம். நீங்க நாளைக்குச் சாயந்திரம் வந்து பாருங்க." வாசல் வரை போனவள் திரும்பினாள். "மழை பெய்ஞ்சா வராதீங்க. மழை இல்லாத நாளா வாங்க."

அவள் இறங்கிப் போன பிறகு, "நல்ல பொண்ணு. நம்ம செருப்பு நனையக் கூடாதுன்னு பார்க்குது," என்றேன்.

மேடம் மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார்.

* * *

மறுநாள் வானம் சுத்தமாக இருந்தது.

ஒரே அச்சில் வார்த்த இரண்டு வீடுகள். நடுவில் இடுப்புயரக் கம்பி வலை வேலி, தெருவிலிருந்து கொல்லை வரை. வேலியை நடுவில் வெட்டி, ஒரு கேட் போட்டிருந்தார்கள். பழைய கட்டடங்களின் லிஃப்டில் இழுத்து மூடுவோமே, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் மடங்கும் இரும்புக் கதவு, அதேதான். செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருந்தது. ஆனால் அதில் தொங்கிய பூட்டு புத்தம் புதியது.

பூட்டுக்கு இந்தப் பக்கம் நம் பெண் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு இளைஞன் நின்றான். நீச்சல் பயிற்சியாளனாம். தலை ஈரமாக இருந்தது, கண் சிவந்திருந்தது.

"மேடம், கல்யாணம் நடக்குமா?" என்றான்.

கண் சிவந்திருப்பது குளத்துத் தண்ணீர் மருந்தாலா, அழுதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

கண்ணாடிக்காரரின் ரேடியோ அறை பின்பக்கம் இருந்தது. நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. அந்த மூக்குக் கண்ணாடியின் கயிற்றில் ஒரு சின்னச் சாவி. சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் கண் பரிசோதனை அட்டை. மேஜையில் ரேடியோ. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க. கடைசி வரி தெரியுதா தம்பி?"

"தெரியல சார்."

"கடைக்கு வாங்க."

நான் கேஸ் விசாரிக்கப் போகும் இடத்திலெல்லாம் எனக்கு ஒரு குறை கண்டுபிடிக்கிறார்கள்.

"எப்பத்திலிருந்து இந்தத் தொல்லை சார்?" என்றார் மேடம்.

"கல்யாணம் பேசி முடிச்சதிலிருந்து. அதுவரைக்கும் தங்கமான மனுஷன். சம்பந்தி ஆகப் போறோம்னதும் திமிர் ஏறிடுச்சு. தினமும் சாயந்திரம் வருவான். மழை நாள்ல மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கான், அதையும் சொல்லணும். இடி விழும்னு பயம் போல."

"அவர் மழை நாள்ல அவரோட லேன்லயும் பேசுறதில்லையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவன் லேனுக்குள்ள நான் எட்டிப் பார்க்கிறதில்ல. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

ரேடியோவைத் திருகினார். இரைச்சலுக்கு நடுவே, கடல் தாண்டிய எங்கோ ஒரு குதிரை வைத்தியர் அவருடைய ஊர் வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் பேசும் நண்பராம். நேரில் பார்த்ததே இல்லையாம். மழை வருமா வராதா என்று அவர் சொல்ல வாயெடுத்த நேரம் அது வந்தது.

முதலில் மூன்று இருமல். பிறகு, "வக்வக்... வகா வகா வக்..."

சத்தியமாக வாத்துதான். படித்த வாத்து. வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்தியது.

"கேட்டீங்களா! அந்த இருமல்! மைக்கை அழுத்தினதும் மூணு தடவை இருமுறது யாரு? தெருவையே கேட்டுப் பாருங்க! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறான்!" கண்ணாடிக்காரர் எழுந்ததில் நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. இப்போது இரண்டு கண்ணாடி வழியாக எங்களை முறைத்தார்.

"சந்தேகமே இல்ல சார். இருமல் அவரோடதுதான்," என்றார் மேடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே நிமிடத்தில் கேஸை முடித்துக் கல்யாணத்தையும் முடித்துவிட்டாரே என்று.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்ப மெக்கானிக்தான் குற்றவாளியா?"

"ஸ்டெப்னி, உனக்குப் பிடிக்காத ஆளுக்கு போன் பண்ணிக் குரலை மாத்தி மிரட்டணும்னா என்ன செய்வே?"

"மூக்கைப் பிடிச்சுக்குவேன்."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் ஸ்டெப்னி பேசுறேன்'னு சொல்லுவியா?"

"அவ்வளவு முட்டாளா மேடம் நான்?"

மேடம் அந்தக் கேள்வியைக் கடந்து போனார். "அந்த இருமல் அவருக்குப் பேர் மாதிரி. தெருவுக்கே தெரியும். குரலை அவ்வளவு பாடுபட்டு மாத்துறவர் இருமலை அப்படியே விடுவாரா? அவர் குரலை மாத்தல. வழியில யாரோ மாத்துறாங்க. இருமலை மாத்த அவங்களுக்குத் தெரியல."

"பையன்! அப்பா பேசுறதை டேப்ல பிடிச்சு வாத்தாக்கி ஓட்டுறான். கடைசி நேரத்துல கல்யாணத்துல இஷ்டம் இல்லாமப் போயிருக்கும்."

மேடம் வேலிப் பக்கம் கைகாட்டினார். பூட்டிய கேட்டின் பட்டைகளுக்கு இடையில் அந்தப் பையன் ஒரு விரலை நீட்டியிருந்தான். பெண் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கருத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

* * *

லிஃப்ட் மெக்கானிக்கின் அறைக்குத் தெருவைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கனத்த மனிதர், கனத்த கைகள். சுவரில் ஒரு பழைய லிஃப்டின் பித்தளைப் பலகை. அதில் 'கீழ்த்தளம்' என்ற பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, 'முதல் மாடி'யை அழுத்தினால் மின்விசிறி ஓடியது, 'இரண்டாம் மாடி'யை அழுத்தினால் ரேடியோ உயிர் பெற்றது. 'மூன்றாம் மாடி'யை அழுத்தப் போனேன்.

"அதை அழுத்தாதீங்க தம்பி. அது எங்கேயும் போகாது," என்றார்.

"சம்பந்தி உங்களை வாத்துன்னு சொல்றார்," என்றேன். மேடம் மறுபடி என் காலை மிதித்தார்.

"சொல்லட்டும் தம்பி. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? இதோ பாருங்க, ஏழு மெகாஹெர்ட்ஸ். இதுதான் நாற்பது மீட்டர். அவரோட இருபது மீட்டர்ங்கிறது பதினாலு. நான் ஏழை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்ல." மூன்று முறை இருமினார். "அவர் எங்க வேணும்னாலும் என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டுக்குள்ள வந்து, சட்டையைப் பிடிச்சுக்கூடத் திட்டியிருக்கலாம். உலகம் கேட்க ரேடியோவுல சொல்லிட்டார். எனக்கு லிஃப்ட்டும் இந்த ரேடியோவும் விட்டா வேற என்ன கௌரவம் இருக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. இவர் மீது சந்தேகப்பட்ட நேரத்துக்காக வெட்கப்பட்டேன்.

"நடுவுல இருக்கிற கேட் உங்க வேலையா?" என்றார் மேடம், எதுவும் நடக்காதது போல.

மனிதர் முகம் மலர்ந்தது. "நான் முதன்முதலா ரிப்பேர் பண்ணின லிஃப்ட்டோட கதவு. அந்தக் கட்டடத்தை இடிச்சப்ப நான் போய்க் கேட்டு வாங்கித் தூக்கிட்டு வந்தேன். கல்யாணம் பேசி முடிச்ச மறுநாளே வேலியை வெட்டி மாட்டிட்டேன். இனிமே ரெண்டு வீடு இல்ல, ஒரே வீடுன்னு."

"பெயிண்ட் அடிக்கலையா?"

"அடிச்சா மடிப்பெல்லாம் ஒட்டிக்கும் மேடம். அந்தத் துரு அதோட வயசு. இருந்துட்டுப் போகட்டும்."

"பூட்டு?"

"அது சம்பந்தி போட்டது. சாயந்திரம் ரேடியோவுல உட்கார்றதுக்கு முன்னாடி பூட்டிடுவார். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் பையனும் இருட்டுல பேசிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு. அதுல தப்பில்ல. பொண்ணைப் பெத்தவர்."

மேடம் கொஞ்ச நேரம் அந்தப் பித்தளைப் பலகையையே பார்த்தார். பிறகு 'மூன்றாம் மாடி' பொத்தானை அழுத்தினார். அது உண்மையிலேயே எங்கேயும் போகவில்லை.

"ஸ்டெப்னி, ஒப்பந்தம் போட்டு எல்லாத்தையும் பிரிச்சிருக்காங்க. லேனைப் பிரிச்சாங்க. கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாப் பிரிச்சாங்க. சரியா?"

"சரி மேடம்."

"பிரிச்சு வெச்சவரைக்கும் ஒரு தகராறும் இல்ல. சேர்க்கப் போனாங்க, வாத்து வந்துடுச்சு. அப்ப நாம பார்க்க வேண்டியது எதை?"

"கல்யாணத்தை."

"அதுக்கு அடுத்தபடி?"

* * *

சாவியைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல அது ஒண்ணுதான் இப்ப உருப்படியா இருக்கு. எதுக்குத் திறக்கணும்?"

"வாத்தைப் பிடிக்க," என்றார் மேடம். "நீங்க உங்க ரேடியோவைச் சத்தமா வெச்சு ஜன்னலைத் திறந்து விட்டாப் போதும். குதிரை வைத்தியரைப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

முனகிக்கொண்டே கொடுத்தார்.

மெக்கானிக்கிடம் ஏழை விட்டு நகராமல் நிறுத்தாமல் பேசச் சொல்லியிருந்தோம். என்ன பேசுவது என்று கேட்டார். தெரிந்ததைப் பேசுங்கள் என்றார் மேடம். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வலது பக்க ஜன்னலில் மெக்கானிக்கின் சொந்தக் குரல் லேசாகக் கேட்டது.

"கீழ்த்தளம்... முதல் மாடி..."

இடது பக்க ஜன்னலில், கண்ணாடிக்காரரின் ரேடியோவிலிருந்து அதே நேரத்தில் வாத்து மாடி ஏறியது. "வக்வகம்... வகல் வாடி..."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

மேடம் கையை உயர்த்தினார். நான் பூட்டைத் திறந்து கேட்டை இழுத்தேன். அது கிறீச்சிட்டுக்கொண்டு மடங்கி ஒரு பக்கத் தூணோடு ஒதுங்கியது.

வலது பக்கம்: "அஞ்சாம் மாடி..."

இடது பக்கம், வாத்தைக் காணவில்லை. குதிரை வைத்தியர் மட்டும் தெளிவாக, ஒரு பெண் குதிரை நேற்று நல்லபடியாகக் குட்டி போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டை இழுத்து மூடினேன். "வக்வாம் வாடி!" திறந்தேன். குட்டி எழுந்து நின்றுவிட்டதாம். மூடினேன், வாத்து. திறந்தேன், குதிரை. எனக்கே பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை செய்தேன். மேடம் போதும் என்று கையைக் காட்டினார்.

இடது ஜன்னலில் கண்ணாடிக்காரர் தலை தெரிந்தது. வலது பக்கம் மெக்கானிக் மொட்டை மாடியைத் தாண்டுவதற்குள் பேச்சை விட்டுவிட்டு வெளியே வந்தார். இருவரும் கேட்டின் இரண்டு பக்கமும் வந்து நின்று அதைப் பார்த்தார்கள். துருவேறிய மூட்டுகள், ஒன்றா இரண்டா, உடம்பெல்லாம் மூட்டுகள்.

"துரு," என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல.

"துரு," என்றார் மெக்கானிக்.

"கொஞ்சம் எங்களுக்கும் சொல்லுங்க," என்றேன்.

மெக்கானிக்தான் சொன்னார். "துருப்பிடிச்ச மூட்டு அலையை வாங்கி இரட்டிப்பாக்கித் துப்பும் தம்பி. என் ஏழு அதுக்குள்ள போய்ப் பதினாலா வருது. கேட்டை மூடினா ரெண்டு பக்க வேலியும் சேர்ந்து ஒரே நீளக் கம்பி ஆயிடுது. அதுவே ஒரு ஏரியல். இரட்டிப்பாகிறப்ப குரலும் சிதைஞ்சு போகும். இருமலுக்குச் சிதைய என்ன இருக்கு?"

"லைசென்ஸ் பரீட்சையிலேயே இந்தக் கேள்வி வரும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க எழுதினீங்களா சார்?"

"சாய்ஸ்ல விட்டுட்டேன்."

மெக்கானிக் என்னைப் பார்க்காமல், "நானும்தான்," என்றார்.

இவ்வளவு பாதுகாப்பு செய்து, ஃபில்டர் மேல் ஃபில்டர் போட்டு, இரண்டு பேரும் கேட்டை மட்டும் மறந்திருக்கிறார்கள். அது ரேடியோ சாமான் இல்லை, கல்யாணச் சாமான் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டபோதுதான் மெக்கானிக்கின் முகம் விழுந்தது. "அப்ப திருடன் என் கேட்தான்," என்றார். "அவர் சொன்னது சரியாப் போச்சு. என் வீட்டு இரும்புதான் அவர் லேனுக்குள்ள போயிருக்கு." உள்ளே போய் ஒரு பெரிய சுத்தியலோடு வந்தார். "மன்னிச்சுடுங்க சம்பந்தி. இதைப் பிடுங்கிப் போட்டுடறேன்."

கண்ணாடிக்காரர் மோவாயை நிமிர்த்தினார். சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற களை முகத்தில் வரத் தொடங்கியது. பெண் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தியலைக் கீழ வைங்க சார்," என்றார் மேடம். "திறந்திருந்தப்ப இந்தக் கேட் வாயைத் திறந்துச்சா?"

"இல்ல."

"நீங்க இதை மாட்டினது எதுக்கு?"

"திறந்து வைக்க."

"தினமும் சாயந்திரம், அதுவும் ரேடியோவுல உட்கார்றதுக்கு முன்னாடி, இதை மூடிப் பூட்டினது யாரு?"

எல்லோரும் கண்ணாடிக்காரரின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தோம். சாவி இல்லாமல் அது தனியாகத் தொங்கியது. சாவி என் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேறு கண்ணாடி இல்லாமல் போனதும், திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பெண்ணின் உதடு துடித்தது. பையன் கேட்டைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றான். மெக்கானிக் சுத்தியலை எடுக்கவா வேண்டாமா என்று குனிந்தார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது வலது பக்க ஜன்னலிலிருந்து, மெக்கானிக்கின் ஆள் இல்லாத அறையிலிருந்து, ஒரு குரல் வந்தது. வாத்து இல்லை. தெளிவான மனுஷக் குரல்.

"நாற்பது மீட்டர்ல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இந்த லேன்ல நான் பேசுறது இதுதான் முதல் தடவை. எங்க சம்பந்தி மேல நான் ஒரு பழி சொன்னேன். அது உங்க காதுக்கும் வந்திருக்கும். அது பொய். தப்பு என்னோடது. அவர் ஒரு நாளும் அவர் லேனை விட்டு நகர்ந்ததில்ல." கொஞ்ச நேரம் இரைச்சல். "சம்பந்தி, என்னை மன்னிச்சுடுங்க. நான் பேசுறது கேட்குதா?"

மெக்கானிக் ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உள்ளே மைக்கை அழுத்தும் சத்தம் கேட்டது. மூன்று முறை இருமினார். நான்காவது முறை வந்தது இருமல் இல்லை.

"கேட்குது சம்பந்தி," என்றார். "நல்லாக் கேட்குது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப என் லேனை விட்டு இறங்குங்க," என்றார்.

* * *

பெண் எங்களைத் தெருமுனை வரை வழியனுப்ப வந்தாள். பின்னால் கேட் திறந்தே கிடந்தது. இனிமேல் சாயந்திர வேளையில் அதை மூடவே கூடாது என்று இரண்டு அப்பாக்களும் புது ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அந்த வேளையில் இருவருமே காதில் ஹெட்போன் மாட்டி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பையன் யோசித்திருந்தான். முகத்திலேயே தெரிந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் மேடம். "மழை இல்லாத நாளா வரச் சொன்னீங்க."

பெண் நடையை நிறுத்தினாள்.

"கேட் நனைஞ்சா துருவோட வேலை நின்னுடும், வாத்து கத்தாது. மழை நாள்ல அது வராதுன்னு உங்கப்பாவுக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. காரணம் கேட்தான்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் நாள் பார்த்துச் சொல்லத் தெரியும்."

அவள் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். "முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அப்பாவுக்குத் தெரியாம நானும் அந்தப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கேன். நான் அந்தக் கேள்வியைச் சாய்ஸ்ல விடல."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கும்மா எங்களை அலைய வெச்சீங்க? அந்தக் கேட்ல ஒரு ரப்பரைச் சொருகியிருந்தா வாத்து நின்னிருக்குமே!"

"நின்னிருக்கும் சார். நின்னதும் அப்பா என்ன சொல்லியிருப்பார்? 'பாத்தியா, பயந்துபோய் நிறுத்திட்டான்'னு சொல்லியிருப்பார். மாமா காலம் பூரா எங்க வீட்டுல திருடனாவே இருந்திருப்பார். நான் மாமா வீட்டுலதான் வாழப் போறேன். வாத்தை நிறுத்த எனக்கு யாரும் தேவையில்ல. அப்பாவை மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் ஆள் தேவைப்பட்டுச்சு. அதைப் பெத்த பொண்ணு சொல்லி எந்த அப்பா கேட்டிருக்கார்?"

மேடம், டிக்கெட்டை எடுத்து நீட்டியவனைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். மேடத்திடமிருந்து அப்படி ஒரு பார்வை எனக்கு இன்னும் கிடைத்ததில்லை.

பெண் பையைத் திறந்து இரண்டு பத்திரிகைகளை எடுத்தாள். ஒன்றை மேடத்திடம் கொடுத்தாள். இன்னொன்றுக்குக் கையை நீட்டினேன். அது சற்று மடங்கி, ஓரம் கசங்கியிருந்தது.

"இது உங்க ஆபீசுக்குக் கீழ இருக்கிற டீக்கடைக்காரருக்கு," என்றாள். "அவர் காதுக்கு மெஷின் நான்தான் பொருத்தினேன். அன்னைக்கே கொடுத்திருக்கணும். கண்டிப்பா வரணும்னு சொல்லுங்க."

"எனக்கு?" என்றேன்.

"மேடத்தோட பத்திரிகையிலதான் உங்களையும் எழுதியிருக்கேன் சார்."

மேடம் உறையைத் திருப்பிக் காட்டினார். அவர் பெயருக்கு அடியில், நல்ல தெளிவான கையெழுத்தில், 'மற்றும் ஸ்டெப்னி' என்று இருந்தது.